ஒரு மருந்தின் வரலாறும் நம் குழந்தைகளின் ஈரலும்

மருந்துக்கும் வரலாறு உண்டு. மன்னர்களின் படையெடுப்புகளையும் ஒப்பந்தங்களையும் ஆண்டு தவறாது ஒப்புவிக்க மாணவரைப் பழக்கும் நாம், அவர்கள் விழுங்கும் ஒரு மாத்திரை எவ்வழியே அவர்கள் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. சொல்லிக் கொடுக்க நமக்கே தெரிவதில்லை என்பதுதான் உண்மை. அந்த அறியாமையின் விலை என்ன என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன், மாத்தளை மாவட்டத்தில் நாம் கற்பிக்கும் வகுப்பறையிலேயே கண்டோம்.

ஏழாந் தரத்தில் பயின்ற தோட்டத்துச் சிறுவன் ஒருவன் காசநோய்க்கு மருந்துண்டு வந்தான். சில வாரங்களின் பின் பாடசாலைக்குத் திரும்பியவன், மேசைமீது தலை சாய்த்துக் கிடந்தான். "சாப்பாட்டைக் கண்டாலே கொமட்டுது சேர்" என்றான். சோம்பல் என எண்ணிக் கடிந்துகொண்டோம். மறுவாரம் அவன் கண்கள் மஞ்சளாயிருந்ததைக் கண்ட பின்னரே நெஞ்சு பதறி அவன் வீட்டுக்கு ஓடினோம். பாட்டி செங்கண்மாரி என்று அறிந்து கீழ்காய்நெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதே கையால் நாள்தோறும் காலையில் காசநோய் மாத்திரைகளையும் கொடுத்துக்கொண்டிருந்தாள். "ஒரு நாளைக்கும் நிப்பாட்டக் கூடாதுன்னு சொன்னாங்க. நான் ஒரு நாளும் நிப்பாட்டல சேர்" என்றாள். சொன்ன சொல்லைத் தவறாது காத்த அந்த முதியவளைக் குறை சொல்ல யாரால் முடியும்? கண் மஞ்சளானால் உடனே நிறுத்திவிட்டு வைத்தியரிடம் ஓடிவா என்னும் மற்றச் சொல்லை அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

சிறுவன் பிழைத்தான். மருந்துகள் யாவும் நிறுத்தப்பட்டன. ஈரல் தேறியதும் அவை ஒவ்வொன்றாக, கண்காணிப்போடு மீண்டும் தொடங்கப்பட்டன. ஆயின் லயத்தில் இரண்டு பேச்சுகள் பரவின. மருந்தே விஷம், தொடக்கூடாது என்பது ஒன்று. மற்றது படித்த ஒருவர் வாயிலிருந்து வந்தது: "இவர்களுடைய இரத்தமே அப்படித்தான்." முதற் பேச்சு அச்சத்திற் பிறந்தது. இரண்டாவதோ அறிவியலின் உடையை உடுத்திக்கொண்டு வந்த இழிவுரை. இதற்கு விடை கூறவேண்டும் என்ற எண்ணமே நம்மை இவ்வரலாற்றைத் தேடிப் படிக்கச் செய்தது.

இரத்தத்தைப் பற்றிப் பேசுவதாயின், அந்த இரத்தம் வந்த வழியையும் பேசவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது, திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து பஞ்சத்தால் விரட்டப்பட்ட மக்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காட்டு வழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து, மாத்தளையில் மலைநாட்டை மிதித்தனர். வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டவர் பலர். 1880-ம் ஆண்டில் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. கோப்பி அழிந்து தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் வந்தன. மாறாதிருந்தது லயம் ஒன்றே. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் கணக்கில் கட்டப்பட்ட காம்பராவில், அடுப்புப் புகையின் நடுவே, ஒரு குடும்பம் முழுவதும் படுத்துறங்கியது. காசநோய்க் கிருமி காற்றில் பரவுவது. ஒரே பாயில் உறங்கும் பாட்டனின் இருமல் பேரனின் நெஞ்சிற் புகுவதற்குச் சாளரமில்லாத அறையைவிட வசதியான இடம் வேறில்லை.

இதைக் கண்ணாற் கண்ட அக்கால ஆட்சியினர் அறையைக் குறை கூறவில்லை; ஆளையே குறை கூறினர். தொழிலாளி நோயைச் சுமந்து வருபவன் என்று கருதி மண்டபம் முகாமில் மறித்து வைத்துச் சோதித்தனர். சோதித்து அனுப்பியவனை எந்த அறையில் அடைக்கப் போகிறோம் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. இரத்தத்தின்மீது பழி போடும் வழக்கம் நம் நாட்டில் புதியதன்று.

இனி மருந்தின் கதைக்கு வருவோம். காசநோய்க்கு முதல் மருந்தாகிய ஸ்திரெப்தோமைசின் 1943-ம் ஆண்டில் கண்டறியப்பட்டது. ஊசி வழியே மட்டும் செலுத்தத் தக்க அம்மருந்து விலை மிக்கதாயிருந்தது. ஏழையின் கைக்கெட்டும் மருந்து 1952-ம் ஆண்டில் கிடைத்தது. அதுவே ஐசோனியசிட். அதன் பிறப்பு வேடிக்கையானது. 1912-ம் ஆண்டிலேயே பிராகு நகரில் மேயர், மாலி என்னும் இருவர் அதை ஆய்வுகூடத்தில் ஆக்கி, அதன் பயன் யாதென அறியாமல் ஏட்டில் எழுதி வைத்துவிட்டனர். நாற்பது ஆண்டுகளின் பின் மூன்று பெரிய மருந்துக் கம்பெனிகள் ஏறக்குறைய ஒரே வேளையில் அதன் ஆற்றலைக் கண்டன. ஆயின் பொருள் முன்னமே வெளியிடப்பட்டிருந்தமையால், அதைத் தனியுடைமையாக்க ஒருவராலும் இயலவில்லை. உலகத்தின் ஏழை நோயாளருக்கு மலிவான மாத்திரை கிடைத்ததற்கு அந்தப் பழைய ஏடும் ஒரு காரணம்.

மாத்திரை கிடைத்தது, படுக்கை கிடைக்கவில்லை. காசநோயாளியை ஆரோக்கிய நிலையத்தில் மாதக்கணக்கில் கிடத்தி, நல்லுணவும் நல்ல காற்றும் கொடுத்தே குணப்படுத்தவேண்டும் என்பது அன்றைய கொள்கை. இந்தியாவிலோ நோயாளர் இலட்சக்கணக்கினர்; கட்டில்கள் சில ஆயிரம். இந்நிலையில் 1956-ம் ஆண்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை சேர்ந்து சென்னை சேத்துப்பட்டில் ஒரு நிலையத்தை அமைத்தன. வொல்லஸ் பொக்ஸ் என்னும் வைத்தியரின் வழிகாட்டலில், நகரத்து ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளர் இரு கூறாக்கப்பட்டனர். ஒரு கூறினர் ஆரோக்கிய நிலையத்தில் வைத்துப் பார்க்கப்பட்டனர். மற்றவர் தங்கள் நெரிசலான வீடுகளிலேயே இருந்து, குறைந்த உணவுண்டு, மாத்திரைகளை விழுங்கினர். 1959-ம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தவரும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்திருந்தனர். உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை ஆரோக்கிய நிலையத்தை விட்டு வீட்டுக்கு வந்தமைக்கு அந்த ஏழைகளின் உடல்களே சான்றாயின.

அவ்வுடல்கள் இன்னோர் உண்மையையும் வெளிப்படுத்தின. ஐசோனியசிட்டைக் கூடிய அளவில் உண்டவர்களுள் சிலருக்குக் கைகால்கள் எரிந்தன, மரத்துப் போயின. அதே அளவை உண்ட அயலவருக்கு ஒன்றும் நேரவில்லை. ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே ஊர், ஒரே வறுமை. பின் ஏன் இந்த வேற்றுமை? சேத்துப்பட்டு ஆராய்ச்சியாளர் நோயாளரின் இரத்தத்தில் மருந்து எத்தனை நேரம் தங்குகிறது என்பதை அளந்தனர். மருந்து விரைவாக மாற்றமடைந்து வெளியேறுவோர் ஒருவகை. மெதுவாக மாற்றமடைந்து நெடுநேரம் தேங்குவோர் மற்றொரு வகை. நரம்பு நோய் கண்டவருட் பெரும்பாலார் இரண்டாம் வகையினர். விற்றமின் பி6 சிறிதளவு சேர்த்துக் கொடுத்தால் அந்நோயைத் தடுக்கலாம் என்பதும் உறுதியாயிற்று.

தேயிலை மலையில் கான் வெட்டியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கான் அகலமாயிருந்தால் மழைநீர் விரைந்து வடியும், ஒடுங்கியிருந்தால் தேங்கும். மழை இரண்டு மலைக்கும் ஒன்றுதான். ஈரலிலுள்ள ஒரு நொதியமே இங்குக் கான். அது ஐசோனியசிட்டோடு அசற்றைல் என்னும் கூட்டத்தைப் பிணைத்து மருந்தைச் செயலிழக்கச் செய்கிறது. அந்நொதியத்தின் வேகம் பிறப்பிலேயே விதிக்கப்பட்டது என்பதை 1960-ம் ஆண்டில் எவன்ஸ் என்னும் ஆராய்ச்சியாளரும் துணைவரும் பல குடும்பங்களைச் சோதித்து நிறுவினர். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பரம்பரையலகுகள் குழந்தைக்குக் கிடைக்கின்றன. இரண்டும் மெதுவானவையாயின் குழந்தை மெதுவாக மாற்றும் வகையைச் சேரும். ஆகவே விரைவாக மாற்றும் தாய்க்கும் தந்தைக்கும் மெதுவாக மாற்றும் பிள்ளை பிறத்தல் கூடும். மெண்டலின் பட்டாணிச் செடியைக் கரும்பலகையில் வரையும் ஆசிரியருக்கு இது புதிதன்று. அந்தப் பரம்பரையலகு எட்டாவது நிறமூர்த்தத்தில் உள்ளது. இன்று 'நற்-2' என அழைக்கப்படுகிறது.

தென்னிந்திய நோயாளருள் எத்தனை பேர் மெதுவான வகையினர்? 1961-ம் ஆண்டில் சேத்துப்பட்டு நிலையத்தார் வெளியிட்ட கணக்கின்படி ஏறக்குறைய ஐந்தில் மூவர். ஐரோப்பியருள்ளும் ஏறக்குறைய பாதிப்பேர் அவ்வகையினரே. ஜப்பானியருள்ளோ பத்தில் ஒருவரே. ஈண்டு வாசகர் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஒரு மக்களிடையே பெரும்பாலாருக்கு இயல்பாயிருப்பதைக் குறைபாடு என்று எவ்வாறு அழைப்பது? மருந்து வரும்வரை இந்த வேற்றுமை எவருக்கும் தீங்கு செய்ததாக எவரும் அறியவில்லை. எல்லாருடைய உடலும் ஒன்றே எனக் கருதி ஓர் அளவை விதித்தபோதுதான் அது தீங்காயிற்று. மாத்தளை லயங்களில் வாழ்வோரின் முன்னோரும் அந்தச் சென்னை நோயாளரைப் போலத் தென்னிந்திய மண்ணைச் சேர்ந்தவர்களே. அவர்களிடம் கண்ட உண்மை நம் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும் என எண்ணுதல் தவறாகாது.

நரம்பைப் பற்றிய உண்மை விரைவில் தெளிந்தது. ஈரலைப் பற்றியதோ தெளியக் காலம் பிடித்தது. 1970-ம் ஆண்டில் அமெரிக்கத் தலைநகரின் அரசாங்க ஊழியர் 2321 பேருக்கு, காசநோய் வராமற் காக்கும் பொருட்டு ஐசோனியசிட் கொடுக்கப்பட்டது. அவருள் 19 பேருக்கு ஈரல் அழற்சி கண்டது, இருவர் மாண்டனர். பதினெட்டு ஆண்டுகளாக ஏழை நாடுகளில் கோடிக்கணக்கில் உண்ணப்பட்ட மருந்தின் தீங்கை உலகம் உற்றுநோக்கத் தொடங்கியது அதன் பின்னரே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. யாருடைய கண் மஞ்சளாகிறது என்பதைப் பொறுத்தே அறிவியலின் கண்ணும் திறந்ததோ என்று கேட்கத் தோன்றுகிறது.

விரைவாக மாற்றுவோருக்கே ஆபத்து அதிகம் என்று 1975-ம் ஆண்டளவில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் கூறினர். மருந்து மாற்றமடையும்போது ஈரலை எரிக்கும் இடைப்பொருள் ஒன்று தோன்றுகிறது. விரைவாக மாற்றுவோரிடம் அது மிகுதியாகத் தோன்றும் என்பது அவர்கள் வாதம். கேட்பதற்குப் பொருத்தமான வாதந்தான். ஆயின் அந்த இடைப்பொருளை மீண்டும் மாற்றித் தீங்கற்றதாக்குவதும் அதே நொதியமே. கான் அகலமாயின் சேறு விரைந்து வரும். விரைந்து வடிந்தும் போகும். ஒடுங்கிய கானிலேதான் சேறு நிற்கும். இவ்வழக்குக்கு விடை கூறத் துணைநின்றது சென்னைதான்.

அங்கே எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையில், மூளைச் சவ்வைத் தாக்கும் காசநோயால் கொண்டுவரப்பட்ட குழந்தைகள் புதிய கூட்டு மருந்துகளால் சிகிச்சை பெற்றனர். ஐசோனியசிட்டோடு ரிபாம்பிசினும் பைரசினமைட்டும் அக்கூட்டில் இடம்பெற்றன. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட 180 குழந்தைகளின் கதை 1986-ம் ஆண்டில் வெளியாயிற்று. பெரும்பாலார் நோய் முற்றிய நிலையில் வந்தவர்கள். நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் இறந்தனர். பிழைத்தவருட் பலர் உடற்குறையோடு பிழைத்தனர். மருந்தில்லாக் காலத்தில் இந்நோய் கண்ட குழந்தை அநேகமாகப் பிழைத்ததேயில்லை என்பதை மறந்துவிட்டு இக்கணக்கைப் படித்தல் ஆகாது.

அதே ஆண்டில் ஏறக்குறைய 3000 நோயாளரைப் பற்றிய இன்னோர் ஆய்வையும் அந்நிலையத்தார் வெளியிட்டனர். ரிபாம்பிசினை நாள்தோறும் உண்ட பெரியவருள், நுரையீரற் காசநோயாளருக்குச் செங்கண்மாரி 100க்கு 2 முதல் 8 வரையே கண்டது. மூளைச் சவ்வு நோயுற்ற குழந்தைகளிடமோ, மருந்து முறைக்கேற்ப 100க்கு 16 முதல் 39 வரை கண்டது. மருந்துண்டவரின் ஒரு பகுதியினரை வகைப்படுத்திப் பார்த்தபோது, மெதுவாக மாற்றுவோருள் 100க்கு 11 பேருக்கும், விரைவாக மாற்றுவோருள் 100க்கு ஒருவருக்குமாக ஈரல் அழற்சி தோன்றியிருந்தது. ரிபாம்பிசின் சேரும்போது ஐசோனியசிட்டிலிருந்து ஐதரசீன் என்னும் நச்சுப்பொருள் மிகுதியாகப் பிரிகிறது. மெதுவாக மாற்றுவோரிடம் அது இன்னும் மிகுதி என்பதையும் அந்நிலையத்தாரே கண்டனர். பிற்காலத்தில் தைவானிலும் ஜப்பானிலும் பரம்பரையலகையே நேராகச் சோதித்துச் செய்த ஆய்வுகளும் இம்முடிவையே வலியுறுத்தின.

இரத்தத்தைப் பழிப்போர் இவ்விடத்தில் துள்ளியெழக் கூடும்: "பார்த்தீர்களா, பரம்பரைதானே காரணம்?" அவர்கள் அதே ஆய்வை இறுதிவரை படிக்கட்டும். அக்குழந்தைகளுக்கு முதலில் ஐசோனியசிட் உடல் நிறை கிலோ ஒன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் கொடுக்கப்பட்டது. அதை 12 ஆகக் குறைத்து, ரிபாம்பிசினை நாள்தோறும் கொடுக்காமல் வாரம் இருமுறையாக்கியபோது செங்கண்மாரி குறைந்தது. குழந்தைகளின் பரம்பரையலகு மாறவில்லை, மாறியது அளவு. மெதுவாக மாற்றும் நூறு பேருள் 89 பேருக்கு ஒன்றும் நேரவில்லை என்பதையும் அதே கணக்குக் காட்டுகிறது. பரம்பரை ஒரு சாய்வைத் தருகிறது. அச்சாய்வில் குழந்தை சறுக்குவதும் நிற்பதும், அதன் வயிற்றில் சோறு இருந்ததா, ஈரலை வேறு நோய் தாக்கியிருந்ததா, மாத்திரையை அளந்தவர் எடையைப் பார்த்தாரா, கண் மஞ்சளானதை ஒருவர் கண்டாரா என்பவற்றைப் பொறுத்தது. இவற்றுள் ஒன்றேனும் இரத்தத்தில் எழுதப்பட்டதன்று.

அளவைக் குறைத்துவிட்டாற் போதும் என்று முடிவு கட்டுவதும் பிழையாகும். குழந்தை என்பது சிறிய பெரியவர் அல்லர். எடைக்கு எடை ஒப்பிட்டால் சிறு குழந்தையின் உடல் இம்மருந்துகளைப் பெரியவரினும் விரைவாக வெளியேற்றுகிறது. பெரியவரின் அளவையே எடைக்கேற்பச் சுருக்கிக் கொடுத்த காலத்தில் பல குழந்தைகளுக்கு மருந்து போதவில்லை. இதையுணர்ந்த உலக சுகாதார நிறுவனம் 2010-ம் ஆண்டில், குழந்தைகளுக்கு ஐசோனியசிட்டின் அளவைக் கிலோவுக்கு 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக உயர்த்தியது. இவ்வளவு உண்ணும் குழந்தைகளுள் ஈரல் கெடுவோர் பெரியவரைவிடக் குறைவே. 2015-ம் ஆண்டின் இறுதியிலேதான் குழந்தைகளுக்கென்றே சரியான விகிதத்தில் கலந்து, நீரிற் கரையும் மாத்திரை வெளிவந்தது. அதுவரை உலகெங்கும் தாய்மார் பெரியவரின் மாத்திரையை உடைத்தும் பொடித்தும் கண்ணளவாற் கொடுத்துவந்தனர். ஏழைக் குழந்தையின் நோயில் இலாபம் காணாத மருந்துச் சந்தை, ஐசோனியசிட் பிறந்து அறுபத்து மூன்று ஆண்டுகளின் பின்னரே இந்தச் சிறு மாத்திரையைக் கண்டது.

எடையின் பெருமையை நம் நாடும் அறியும். கம்பஹா மாவட்டத்துக் காசநோயாளர் 783 பேரை ஆராய்ந்து 2006-ம் ஆண்டில் வெளியான கட்டுரையில், 74 பேருக்கு மருந்தினால் ஈரல் அழற்சி கண்டதாகக் கூறப்பட்டது. அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது முதலிரண்டு வாரங்களிலேயே தோன்றிற்று. எடைக்கு மிஞ்சிய ரிபாம்பிசின் அளவும் அதற்கு ஒரு காரணமாய்க் காணப்பட்டது. தராசும் அவதானமும் எத்தனை பேரைக் காத்திருக்கும் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

சோற்றின் பெருமையையும் நாம் அறிவோம். 1973, 1974-ம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, தோட்டங்களில் மரண வீதம் ஏறியதை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். நச்சை மாற்றும் ஆற்றலை ஈரல் உணவிலிருந்தே பெறுகிறது. மாத்திரையை இலவசமாகக் கொடுக்கும் நாடு, அதை விழுங்கும் குழந்தையின் கோப்பையையும் எட்டிப் பார்க்கவேண்டும். காசநோய் மருந்து இங்கு விலையின்றிக் கிடைப்பதும், மாவட்டந்தோறும் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம் இருப்பதும், பிறந்தவுடன் குழந்தைக்குப் பி.சி.ஜி. தடுப்பூசி போடப்படுவதும் இந்நாட்டு மக்கள் பெருமைப்படத்தக்க செல்வங்கள். அச்செல்வம் மலையுச்சி லயம்வரை குறைவின்றிச் சென்று சேர்கிறதா என்று கேட்பது நம் கடமை.

பரம்பரையலகைச் சோதித்து அதற்கேற்ப அளவை வகுக்கும் முறையும் வந்துவிட்டது. 2013-ம் ஆண்டில் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில், மெதுவாக மாற்றுவோருக்கு ஐசோனியசிட்டின் அளவைப் பாதியாக்கியபோது ஈரற் கேடு தவிர்க்கப்பட்டது. மருந்தின் பலனும் குன்றவில்லை. பத்தில் ஒருவரே மெதுவானவராயுள்ள நாட்டில் அச்சோதனை நடந்தது. ஐந்தில் மூவர் அவ்வகையினராயுள்ள மக்களுக்கு அது என்று வரும்? அறுபது ஆண்டுகளுக்கு முன் தம் இரத்தத்தை அளக்கக் கொடுத்து உலகத்துக்கு இவ்வறிவை ஈந்த ஏழைகளின் பேரப்பிள்ளைகள், அதன் பயனைப் பெறும் வரிசையில் கடைசியில் நிற்கவேண்டுமா? இக்கேள்வியை மருத்துவரும் அரசும் மட்டுமன்றி, ஆசிரியரும் மாணவரும் கேட்கவேண்டும்.

சோதனை வரும்வரை கைகட்டியிருக்க வேண்டியதில்லை. மருந்துண்ணும் குழந்தைக்குப் பசி கெட்டால், குமட்டினால், வாந்தியெடுத்தால், சிறுநீர் தேயிலைச் சாயம்போற் கறுத்தால், கண் மஞ்சளானால், அன்றைய மாத்திரையை நிறுத்திக்கொண்டு அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நாட்டு மருந்தை நம்பிக் காத்திருத்தல் கூடாது. குணமானபின், அச்சத்தால் காசநோய் மருந்தை அடியோடு கைவிடுதலும் கூடாது. எதை, எப்போது, எவ்வளவில் மீண்டும் தொடங்குவது என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். இவ்வளவையும் ஒரு பாட்டிக்கு விளங்கச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். மாதந்தோறும் குழந்தையை நிறுத்துப் பார்க்க ஒரு தராசு போதும்.

அந்தச் சிறுவன் மருந்து முழுவதையும் உண்டு முடித்து வகுப்புக்குத் திரும்பினான். அவன் எந்த வகையைச் சேர்ந்தவன் என்பதை எவரும் சோதிக்கவில்லை, நாமும் அறியோம். அன்று அவன் மேசைமீது தலை சாய்த்தபோது நாம் கடிந்துகொண்டது அவன் இரத்தத்தின் குற்றமன்று. இப்போதெல்லாம் வரவுப் பதிவேட்டை அழைக்கும்போது, பெயரைக் கூப்பிட்டு நிறுத்திவிடாமல், பிள்ளைகளின் கண்களையும் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறோம்.